ஸ்கிரீன் ரீடரும் எக்செலும்: வில்லியனூர், பாகூரிலிருந்து வேலை பிடிக்கும் வழி

டிகிரி முடித்துவிட்டு ஸ்கிரீன் ரீடர் துணையோடு வேலை தேடுகிறீர்களா? ரெஸ்யூமில் இருக்கும் 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்' என்ற வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்களோடு இன்டர்வியூவுக்கு வந்து உட்காரும் அத்தனை பேரும் அதே வரியைப் போட்டிருப்பார்கள். ஒரே வரி, ஒரே டிகிரி என்றால் மேனேஜர் பார்வையுள்ளவரைத்தான் எடுப்பார். அது அநியாயம்தான். ஆனால் மேனேஜரின் மனசாட்சியை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. 'ஐயாயிரம் வரிசை உள்ள ஷீட்டில் இரட்டைப் பதிவு, விடுபட்ட பதிவு, கூட்டல் தவறு மூன்றையும் கண்டுபிடித்துத் தருவேன்' என்று எழுதுங்கள். கேட்டால் அங்கேயே செய்து காட்டுங்கள். ஆட்டம் அங்கேதான் மாறும்.

புதுச்சேரியில் வேலை எங்கே இருக்கிறது? சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஸ்டோர்ஸ் கணக்கும் பேரோலும் இருக்கின்றன. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கத்து மருத்துவ, இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஃபீஸ் பாக்கி, அட்டெண்டன்ஸ், மருந்து ஸ்டாக் என்று வேலை நிறைய. பாகூர் ஏரிப் பாசனத்தை நம்பி நடக்கும் ரைஸ் மில், உரக்கடை, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றிலும் கணக்கு உண்டு. கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுவரிப் பட்டியல், டவுனில் ஜி.எஸ்.டி. பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ். எங்கே சுற்றினாலும் கணக்கு கடைசியில் ஒரு எக்செல் ஃபைலில்தான் வந்து விழுகிறது. அந்த ஃபைல் பெரும்பாலும் அலங்கோலமாக இருக்கிறது. உங்கள் வாய்ப்பே அந்த அலங்கோலம்தான்.

'கிராமத்து ஆளுக்கு டேட்டா வேலை எதற்கு' என்று கேட்பவர்களிடம் வில்லியனூரையே பதிலாகச் சொல்லலாம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த ஊரை மையமாக வைத்துத்தான் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் திரட்டிய தகவல் வயர்லெஸ் வழியாக எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குப் போனது. விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் என அன்றாடம் தேவைப்பட்ட தகவல்கள் அவை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். 2001இல் அந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. இவர்களால் முடியாது என்று ஊர் நினைத்த வேலையை முடித்துக் காட்டியவர்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். எக்செலில் பார்வையுள்ளவர் ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது வரிசைகளைப் பார்க்கிறார். நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். பின்னால் வரும் எல்லா டிப்ஸும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புபவை. ஒவ்வொரு கட்டமாகக் கேட்டே வேலை செய்தால் தோற்றுவிடுவீர்கள். ஷீட்டின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டிய இடத்தை மட்டும் கேட்டால், கண்ணை நம்பி மேலும் கீழும் ஸ்க்ரோல் செய்பவரைவிட நீங்கள் நம்பகமான ஆள்.

1. முதலில் கருவி. காசு இல்லை என்பது இப்போது காரணமே இல்லை. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது அது. பிறகு அவரும் ஜேம்ஸ் டேவும் சேர்ந்து என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் விலை கொடுத்து வாங்க வேண்டியது. கம்பெனி வாங்கித் தந்தால் மறுக்காதீர்கள். ஆனால் உங்கள் கை என்விடிஏவில் பழகியிருக்கட்டும், எந்த ஆபீஸுக்குப் போனாலும் அது கூடவே வரும். என்விடிஏ மெனுவில் டூல்ஸுக்குள் போனால் போர்ட்டபிள் காப்பி உருவாக்கலாம். அதைப் பென் டிரைவில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். லேப்டாப்பில் இன்செர்ட் கீ கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

2. காதின் வேகத்தைக் கூட்டுங்கள். புதிதாக வந்தவர் ஸ்கிரீன் ரீடரை நிதானமாகப் பேசவிட்டு உட்கார்ந்திருப்பார். வேலையில் பழகியவர்கள் வைத்துக் கேட்கும் வேகம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத வேகம். ஒரே நாளில் அது வராது. வாரம் ஒரு படி ஏற்றுங்கள். எண்களுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துக் கேட்கிற பழக்கம் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கேட்டே காது பழகட்டும்.

3. எந்த ஃபைலைத் திறந்தாலும் வேலையைத் தொடங்குமுன் அதைச் சுற்றிப் பாருங்கள். கன்ட்ரோல் எண்ட் அடித்தால் கடைசியாகப் பயன்படுத்திய கட்டம் தெரியும், ஷீட் எவ்வளவு பெரிது என்பதும் அதிலேயே தெரியும். கன்ட்ரோல் ஹோம் உங்களை மேலே கொண்டுவரும். கன்ட்ரோலோடு அம்புக்குறி அடித்தால் டேட்டா முடியும் விளிம்புக்குப் போகும். நடுவில் நின்றுவிட்டால் அங்கே ஒரு வெற்றுக்கட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல் பேஜ் டவுன் அடுத்த ஷீட்டுக்குக் கொண்டுபோகும். என்விடிஏவோடு எஃப்7 அடித்தால் ஃபைலில் உள்ள ஷீட்கள், ஃபார்முலாக்கள், கமென்ட்கள் பட்டியலாக வரும். இறங்கி வரும்போது கட்டத்தின் எண்ணையும் கவனியுங்கள். 14க்கு அடுத்து 18 என்று சொன்னால் நடுவில் மூன்று வரிசைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன. மறைத்து வைத்த வரிசையும் டோட்டலில் சேரும் என்பதை ஆபீஸில் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

4. தலைப்பைக் காதில் ஏற்றுங்கள். ஐயாயிரமாவது வரிசையில் '450' என்று மட்டும் கேட்டால் அது வரியா, பாக்கியா, மூட்டைக் கணக்கா? தலைப்பு வரிசையின் முதல் கட்டத்தில் நின்று என்விடிஏ, ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அடியுங்கள். அதற்குப் பிறகு பக்கவாட்டில் நகரும்போது தலைப்பையும் சேர்த்தே சொல்லும். பெயர் உள்ள நெடுவரிசைக்கு அதே மாதிரி என்விடிஏ, ஷிஃப்ட், ஆர். இந்த அமைப்பு ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. நாளைக்கு ஜாஸ் வைத்திருக்கும் ஒருவர் அதே ஃபைலைத் திறந்தாலும் அவருக்கும் பயன்படும். ஸ்கிரீன் ரீடரில் எக்செல் பழகும் யாருக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

5. தமிழ் ஃபைல் வந்தால் உஷார். நம் பக்கத்து ஆபீஸ்களில் இன்னும் பழைய ஃபான்ட்களில் அடித்த பட்டியல்கள் புழங்குகின்றன. திரையில் அழகாகத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஸ்கிரீன் ரீடர் அதை உளறலாகத்தான் படிக்கும். 'எனக்குக் கேட்கவில்லை' என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தால் வேலை தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். பாமினியா, வானவில்லா, எந்த ஃபான்ட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய ஃபைலை ஆபீஸுக்கே திருப்பிக் கொடுங்கள். பழைய ஃபான்டில் இருந்த வரையில் ஒழுங்காகத் தேடவும் அகரவரிசையில் அடுக்கவும் முடியாமல் இருந்த பட்டியல் அது. இப்போது அது முடியும். உங்களுக்காகச் செய்த வேலையால் ஆபீஸே லாபம் அடையும்போது உங்கள் பெயர் அங்கே நிற்கும்.

யூனிகோடு தமிழைப் படிக்க ஆங்கிலக் குரல் உதவாது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது. விண்டோஸில் தமிழ் ஸ்பீச்சை இறக்கிக்கொண்டால் வள்ளுவர் என்ற குரலும் கிடைக்கும். ஈஸ்பீக் குரல் இயந்திரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதிவேகத்தில் வைத்தாலும் வார்த்தை தெளிவாகக் கேட்கும். இனிமையான குரலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், வேலைக்கு உதவும் குரலைப் பிடியுங்கள்.

6. இப்போது முக்கியமான இடம்: தவறு கண்டுபிடிப்பது. காதுக்குச் சில பலங்கள் உண்டு, சில பலவீனங்களும் உண்டு. இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் நல்ல சம்பளம்.

பலம் இதோ. ஃபார்முலா உள்ள கட்டத்துக்குப் போனால் என்விடிஏ அதைச் சொல்லிவிடும். டோட்டல் நெடுவரிசையில் இறங்கி வரும்போது ஒரே ஒரு கட்டத்தில் அந்த அறிவிப்பு வரவில்லை என்றால், யாரோ ஃபார்முலாவை அழித்துவிட்டுக் கையால் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். திரையில் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு எண் மட்டும்தான் தெரியும், சந்தேகமே வராது. சம்பளப் பட்டியலிலும் ஸ்டாக் கணக்கிலும் இப்படித் தட்டிய எண்கள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். இன்டர்வியூவில் இதைச் செய்து காட்டினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பலவீனம் வேறு மாதிரி. வில்லியனூரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எல்ஐஏ' என்று எழுதுவார், இன்னொருவர் நடுவில் ஒரு 'ஒய்' சேர்ப்பார், மூன்றாமவர் கடைசியில் 'ஓஓ' போடுவார். பாகூருக்கும் சேலியமேட்டுக்கும் இதே கதைதான். வேகமாகக் கேட்டால் மூன்றும் ஒரே ஊராகத்தான் காதில் விழும். எக்செலுக்கோ அவை மூன்று தனி ஊர்கள், ஊர்வாரிக் கணக்கு மூன்றாக உடையும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பேஸ் காதில் விழவே விழாது. ஆகவே காதை நம்பாதீர்கள். ட்ரிம் ஃபங்ஷன் போட்டு ஸ்பேஸை நீக்குங்கள். ஊர் நெடுவரிசைக்கு ஒரு பைவட் டேபிள் போட்டால் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று சின்னப் பட்டியலாக வந்துவிடும். சந்தேகம் வந்த கட்டத்தில் எஃப்2 அடித்து எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அந்த நெடுவரிசைக்கு டேட்டா வேலிடேஷன் போட்டு, பட்டியலில் உள்ள ஊரை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள். அடுத்த மாதம் அதே குப்பை வராது.

விடுபட்டவற்றைப் பிடிக்க எஃப்5 அடித்து, ஸ்பெஷலுக்குள் போய், பிளாங்க்ஸைத் தேர்ந்தெடுங்கள். வெற்றுக்கட்டங்கள் மட்டும் தேர்வாகும். இரட்டைப் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து கவுன்ட்இஃப் எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தவற்றை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். ஃபில்டருக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், எல். தலைப்பில் நின்று ஆல்டோடு கீழ் அம்பு அடித்தால் மெனு திறக்கும். பாக்கி வைத்தவர்களை மற்றவர்கள் சிவப்பு நிறத்தால் குறித்து வைத்திருப்பார்கள். நிறம் இருக்கட்டும், அதோடு 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வைத்து 'பாக்கி' என்று எழுதும்படி கேளுங்கள். தயங்காதீர்கள். நிறத்தை வைத்து சம்இஃப்ஸ் போட முடியாது. எழுத்து இருந்தால் எல்லோருக்கும் கூட்டல் வரும்.

கூட்டலைச் சரிபார்க்க ஃபார்முலாகூட வேண்டாம். தேவையான கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் பாரைப் படிக்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் லேஅவுட்டில் அதற்கு என்விடிஏவோடு எண்ட், லேப்டாப் லேஅவுட்டில் ஷிஃப்டையும் சேருங்கள். கூட்டல், சராசரி, எண்ணிக்கை மூன்றும் அங்கே இருக்கும்.

7. நீங்கள் கட்டும் ஷீட் எப்படி இருக்க வேண்டும்? ஒரு ஷீட்டுக்கு ஒரு டேபிள். முதல் வரிசையில் தலைப்பு. மெர்ஜ் செய்த கட்டம் ஒன்றுகூடக் கூடாது. நடுவில் வெற்று வரிசை கூடாது. கன்ட்ரோல் டி அடித்து டேபிளாக மாற்றிவிடுங்கள், ஃபார்முலா தானாகக் கீழே பரவும். முக்கியமான கட்டங்களுக்குப் பெயர் வையுங்கள், எஃப்5 அடித்ததும் பட்டியலில் வரும், நேராகப் போய்விடலாம். புதிய வெர்ஷனில் எக்ஸ்லுக்கப் இருக்கிறது. நம் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களில் பழைய வெர்ஷன்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு விலுக்கப்பையும் விடாமல் பழகுங்கள். கூகுள் ஷீட்ஸ் கொடுத்தால் முதல் வேலையாக கன்ட்ரோல், ஆல்ட், இசட் அடித்து ஸ்கிரீன் ரீடர் சப்போர்ட்டை ஆன் செய்யுங்கள்.

8. உங்கள் ஷீட்டைப் பார்ப்பவர் கண்ணால்தான் பார்க்கிறார். இதைச் சரியாகச் செய்யாததால்தான் நிறைய திறமைசாலிகள் மதிப்பு இழக்கிறார்கள். கணக்கு நூற்றுக்கு நூறு சரி, ஆனால் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், தொகை இருக்க வேண்டிய இடத்தில் வேலிக்குறி (#) வரிசை கட்டி நிற்கும். முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான். அனுப்புவதற்கு முன் ஒரு சடங்கு வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆல்ட், எச், ஓ, ஐ என்று வரிசையாகத் தட்டினால் நெடுவரிசை அகலம் சரியாகும். தலைப்பு போல்ட். தேதி எல்லாம் ஒரே வடிவம். தொகைக்கு லட்சக் கணக்கில் கமா. பிரின்ட் எடுத்தால் ஒரே பக்க அகலத்துக்குள் அடங்க வேண்டும். என்விடிஏவோடு எஃப் அடித்தால் நிற்கும் கட்டத்தின் ஃபான்ட், வடிவமைப்பைச் சொல்லும், அதை வைத்துச் சரிபாருங்கள். ஒரு நல்ல டெம்ப்ளேட்டை ஒருமுறை பார்வையுள்ள நண்பரோடு உட்கார்ந்து செய்து வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

9. இன்டர்வியூ. உங்கள் லேப்டாப், உங்கள் இயர்போன், உங்கள் ஃபைல். கணக்குத் தவறுகளை வேண்டுமென்றே விதைத்த ஒரு மாதிரிப் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள். கட்டாயம் வரும் கேள்வி இது: 'பில்லை எப்படிம்மா பார்ப்ப?' வருத்தப்படவோ நீண்ட கதை சொல்லவோ வேண்டாம். 'ஸ்கேன் செய்த பில்லை ஓசிஆர் வைத்துப் படிப்பேன் சார். கையெழுத்து பில் என்றால் அடித்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அடித்து வந்ததைச் சரிபார்க்கிற வேலையை எனக்குக் கொடுங்க, தவறு இருந்தால் பிடிச்சுத் தர்றேன்.' இவ்வளவுதான். முடியாததை முடியும் என்று சொல்லிவிட்டு முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளக் கூடாது. காகிதம் பார்த்து அடிக்கிற டேட்டா என்ட்ரிக்குப் போட்டி போடாதீர்கள், அங்கே பார்வையுள்ளவர் ஜெயிப்பார். ரீகன்சிலியேஷன், எம்ஐஎஸ் ரிப்போர்ட், பேரோல் சரிபார்ப்பு என்று டேட்டா ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் வேலையைக் குறி வையுங்கள்.

பேசும்போதே லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் கேட்க விடுங்கள், வேகத்தைக் குறைத்து. 'இது எப்படி வேலை செய்கிறது' என்ற அவருடைய ஆவல் அடங்கிய பிறகுதான் உங்கள் திறமை அவர் காதில் ஏறும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அரசு வேலையில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு, அதில் பார்வையின்மை, குறைபார்வை உள்ளவர்களுக்கு 1 சதவீதம் என்று அதன் 34ஆம் பிரிவு சொல்கிறது. குறைந்தது 40 சதவீதக் குறைபாட்டுக்கான சான்றிதழ் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், நோட்டிபிகேஷன் வந்த பிறகு ஓடினால் தாமதமாகிவிடும். தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. இன்டர்வியூ மேசையில் சட்டப் புத்தகத்தை விரிக்க வேண்டாம். ஆர்டர் கைக்கு வந்த பிறகு ஸ்கிரீன் ரீடர், ஹெட்போன், ஓசிஆர் மென்பொருள் மூன்றையும் மெயிலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டது மறந்துபோகும்.

பயிற்சிக்கு எங்கே போவது? சென்னையில் கர்ண வித்யா, பெங்களூரில் 1999இல் தொடங்கிய எனேபிள் இந்தியா, பூந்தமல்லியில் தேசிய பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம். போக முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தே ஒரு வழி உண்டு. என்வி ஆக்சஸ் நடத்தும் என்விடிஏ சர்ட்டிஃபைடு எக்ஸ்பர்ட் தேர்வை எழுதக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்ட வேண்டும். குறைபார்வை உள்ளவர்கள் மென்பொருளுக்குப் போகும் முன்னால் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிலருக்கு உருப்பெருக்கியே போதும், சிலருக்கு உருப்பெருக்கியும் குரலும் சேர்ந்து வேண்டும். அது தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்து ஆண்டுகளை வீணாக்கியவர்கள் உண்டு.

வேலை கிடைத்துவிட்டதா? முதல் மாதத்தில் ஆபீஸில் யாரும் தொட விரும்பாத ஒரு ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடப் பழைய பாக்கிப் பட்டியல், பொருந்தாத பேங்க் கணக்கு மாதிரி ஏதாவது ஒன்று எல்லா ஆபீஸிலும் கிடக்கும். அதைச் சுத்தம் செய்து, என்னென்ன தவறு, எத்தனை, எந்த வரிசையில் என்று தனி ஷீட்டில் எழுதி, தேதி போட்டு, மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். காப்பி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். சம்பள உயர்வு பேசும் நாளில் நீங்கள் திறக்க வேண்டிய ஃபைல் அதுதான்.